முதலில் குழாய், அப்புறம் அறை
(வீட்டை ஹோட்டலாக்க நினைக்கும் செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும்,

சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் ஐயா காலத்து வீட்டை ஹோட்டலாக்கலாமா, யாருக்காவது குத்தகைக்கு விடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் பங்காளிகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் உங்களைப்போல நகரத்தார் இல்லை. காரைக்குடிப் பக்கத்தில் பழைய கட்டடங்களுக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் வேலைகளைத் திட்டமிட்டுக் கொடுக்கிற இன்ஜினீயர். உங்கள் வீட்டுத் தூண்களைவிடச் சாக்கடைதான் எனக்கு அதிகப் பழக்கம்.

உங்கள் பேச்சு எந்த வரிசையில் போகும் என்று தெரியும். எத்தனை அறை தேறும், ஓர் அறைக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்கலாம், வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும். பிறகு ஆர்க்கிடெக்ட் வருவார், படம் போடுவார், பங்கு பிரித்துக் கணக்கெழுதுவார்கள். வேலை பாதி நடந்த பிறகு எனக்கு போன் வரும்: "சார், இந்த பாத்ரூம் பைப்பை எந்தப் பக்கமா வெளியே கொண்டுபோறது?" அப்போது என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கழிவுநீர் எந்த வழியாகப் போகும், தண்ணீர் எங்கே நிற்கும், கம்பி எதன் மேல் ஓடும் என்பதை முதலில் வரையுங்கள். அந்தப் படம் எத்தனை அறையைத் தாங்குகிறதோ அத்தனை அறைதான் உங்கள் ஹோட்டல்.

முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். காரைக்குடியில் 'தி பங்களா' 1999 முதல் ஹோட்டலாக நடக்கிறது. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று ஊருக்கு ஊர் முன்னுதாரணம் இருக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. எப்படிச் செய்வது என்பதில்தான் வீட்டின் ஆயுள் இருக்கிறது.

உங்கள் முன்னோர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த பணத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை இந்த வீடுகளைக் கட்டினார்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. நடுவே முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் மகன் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தவை. பெரும்பாலும் சீர்ச்சாமான் பூட்டி வைக்க உதவின. ஆட்கள் படுத்தது பட்டாலையிலும் திண்ணையிலும். குளியல் கிணற்றடியிலோ ஊரணியிலோ முடிந்தது. கழிப்பிடம் கொல்லைக்குப் பின்னால். ஆக, அந்த வீட்டின் நடுப்பகுதிக்குள் தண்ணீர் வந்தது ஒரே ஒரு வழியில்தான்: மழையாக, முற்றத்தில்.

அந்த மழைத் தண்ணீரை எவ்வளவு அக்கறையாக வெளியேற்றியிருக்கிறார்கள் என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். ஓட்டுச் சரிவெல்லாம் முற்றத்தைப் பார்த்திருக்கும். முற்றத்தின் கல் தளம் ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்திருக்கும். அந்த மூலையிலிருந்து கல் மூடிய வாய்க்கால் ஒன்று தரைக்கடியில் போய், தெரு வாய்க்காலில் சேர்ந்து, ஊரணிக்குப் போகும். முழுக்க முழுக்க மழைக்கென்று செய்த வழி அது. இன்றைக்கு வருகிற பிளம்பருக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காது. வாட்டம் இருக்கிறது, வழி இருக்கிறது, தரையைத் தோண்ட வேண்டாம். குளியலறைத் தண்ணீரை அதில் விட்டுவிடுவார். ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். சோப்பும் எண்ணெயும் முடியும் கல் இடுக்குகளில் தங்கி, கோடையில் வளவு முழுக்க நாற்றம் அடித்தது. அதை எடுக்க வாய்க்காலின் மூடுகல்லைப் பெயர்த்தபோது முற்றத்தின் ஓரமே சரிந்தது. அந்த வாய்க்காலை மழைக்கே விட்டுவிடுங்கள். அதன் தூரை மட்டும் எடுத்து வையுங்கள்.

சரி, ஹோட்டலுக்கு எவ்வளவு தண்ணீர்? தேசியக் கட்டட விதித்தொகுப்பு சாதாரண ஹோட்டலுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்குப் போடுகிறது. நான்கு, ஐந்து நட்சத்திரம் என்றால் 320. பதினாலு அறை, அறைக்கு இரண்டு பேர் என்றால் குறைந்தது ஐயாயிரம் லிட்டர். சமையல், துணி துவைப்பு, வேலையாட்கள், தோட்டம் இதில் சேரவில்லை. ஐயாயிரம் லிட்டர் என்பது ஐந்து டன் எடை. மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க்குகளை வரிசையாக நிறுத்துவதுதான் நம் ஊர் வழக்கம். உங்கள் வீட்டு மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்துக்கு மேல் செங்கலை நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புமாகத் தட்டிக் கட்டியது. தன் எடையையும் மழையையும் வற்றல் காயப்போடுகிற ஆட்களையும் அது நூறு வருஷம் தாங்கியிருக்கிறது. ஐந்து டன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் உத்திரம் மெதுவாகத் தொய்யும். டேங்க் நிரம்பி வழிகிற நாளில் உத்திரத்தின் சுவர் நுனி நனையும். நனைந்த நுனிதான் முதலில் மக்கும், அதுவும் சுவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல். தேக்கைக் கரையான் தொடாது என்ற தைரியமும் வேண்டாம். இடையிடையே நாட்டு மரச் சட்டமும் இருக்கும். கொல்லையில் தரைக்கடியில் ஒரு சம்ப் கட்டுங்கள். பக்கத்தில் தனியாக ஓர் இரும்பு ஸ்டாண்ட், அல்லது பிரஷர் பம்ப். பழைய கூரை மேல் ஒரு குடம்கூடக் கூடுதலாக ஏற வேண்டாம்.

குளியலறை எங்கே என்பதுதான் பெரிய சண்டை. வளவு அறை ஒவ்வொன்றையும் இரண்டாகத் தடுத்து, பாதியில் கட்டிலும் பாதியில் கம்மோடும் வைத்து அறை எண்ணிக்கையைக் காட்டுவார்கள். செய்யாதீர்கள். அந்த அறைகளே சின்னவை. புதுக் கட்டடத்தில் குளியலறைத் தரையை ஓர் அடி இறக்கி, பைப்பை அந்தப் பள்ளத்துக்குள் போட்டு மூடுவார்கள். உங்கள் வீட்டில் தரையை இறக்க முடியாது. இறக்கினால் ஆத்தங்குடி ஓடு போகும். அதையாவது இன்றும் கண்ணாடி மேல் ஊற்றிச் செய்கிறார்கள், புதிதாக வாங்கிவிடலாம். இத்தாலி மார்பிளையும் ஜப்பானியச் சுவர் ஓட்டையும் எங்கே போய் வாங்குவீர்கள்? பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளில் ஒன்றைப் படுக்கைக்கும் மற்றதைக் குளியலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஏற்கெனவே கதவு இருந்தால் அதிர்ஷ்டம். குளியலறையின் தரையைப் பழைய தரை மேல் ஒரு படி உயரமாக, தனித் தட்டாக, அடியில் வாட்டர்ப்ரூஃப் ஷீட் விரித்துக் கட்டலாம். கம்மோடைச் சுவரில் மாட்டாமல், முன்னால் ஒரு பொய்ச் சுவர் எழுப்பி அதன் சட்டத்தில் மாட்டினால் பைப், சிஸ்டர்ன் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், சுண்ணாம்புச் சுவரை உளி தொடாது. நாளைக்கு வேண்டாம் என்றால் மொத்தத்தையும் பிரித்தெடுக்கலாம். அறை பாதியாகக் குறைகிறதே என்பீர்கள். குறையட்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய ஹோட்டல் வகைப்பாட்டில், 1950க்கு முன் கட்டிய வீட்டில் ஐந்து அறை இருந்தாலே அடிப்படை வகைக்குப் போதும். ஏழு அறையை நல்ல விலைக்குக் கொடுப்பவர், பதினாலு அறையைத் தள்ளுபடியில் ஓட்டுபவரைவிட நிம்மதியாகத் தூங்குவார்.

மாடியில் குளியலறை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். கேட்கமாட்டீர்கள். அப்படியானால் மூன்றாங்கட்டுப் பக்கமாக, கீழே உள்ள குளியலறைக்கு நேர்மேலே, செங்குத்துக் குழாய் வெளிச்சுவரை ஒட்டி இறங்கும்படி மட்டும் வையுங்கள். வளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

குழாயெல்லாம் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே என்ன செய்வது? செப்டிக் டேங்க்கும் உறிஞ்சு குழியும் போதும் என்று கொத்தனார் சொல்வார். உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. உங்கள் கிணறு அதே கொல்லையில் இருக்கிறது, அடுத்த வீட்டுக் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம். செம்புறாங்கல் பூமியில் தண்ணீர் இழுக்கிற வேகமும் இடத்துக்கு இடம் மாறும். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். இடம் போதவில்லை என்றால் சின்னதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் ஆகும். அடுப்படித் தண்ணீர் தனியாக ஒரு கிரீஸ் ட்ராப்பைத் தாண்டித்தான் இதில் சேர வேண்டும். செட்டிநாட்டுச் சமையலின் எண்ணெய் எந்த நுண்ணுயிரையும் தோற்கடித்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். குளியலறைத் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பில் தேங்குகிற தண்ணீர்தான் சாக்கடை வாயுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் விருந்தினர் வராத அறைகளில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஜூனில் அறையைத் திறந்தால் நாற்றம். மேனேஜர் ரூம் ஸ்ப்ரே வாங்குவார். வாரத்துக்கு ஒருதரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய மரக் கேசிங்கின் மூடியை எங்காவது ஒரு மூலையில் மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ரப்பர் உறையும் அதன் மேல் துணிப் பின்னலுமாகக் கம்பி ஓடும். துணி முறுக்காகத்தான் இருக்கும். இரண்டு விரலால் லேசாக வளையுங்கள், உள்ளேயிருக்கும் ரப்பர் கறுப்புப் பொடியாக உதிரும். வெறும் செம்பு தெரியும். அது கிடப்பது காய்ந்த தேக்குப் பட்டைக்குள். அதே கம்பியிலிருந்து கிளை எடுத்து ஏசிக்குக் கொடுத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எர்த் கிடையாது. மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளை எதிலும் இணைந்திருக்காது.

ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்குச் சுமார் 1.6 கிலோவாட், கீசருக்கு 2. பதினாலு அறைக்கு ஐம்பது கிலோவாட்டைத் தாண்டும். விளக்கும் விசிறியும் ஒரு ரேடியோவும் ஓடிய வீடு அது. பழைய ஒயரிங்கில் ஒரு இஞ்ச்கூட மிச்சம் வைக்காதீர்கள். மின்வாரியத்தில் வணிக இணைப்புக்கு முதலிலேயே விண்ணப்பித்து, மெயின் போர்டையும் ஜெனரேட்டரையும் மூன்றாங்கட்டுக்குப் பின்னால் தனி அறையில் வையுங்கள். முகப்பில் வேண்டாம், மாடிப்படிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனி கேபிள். ஒவ்வோர் அறைக்கும் தனி எம்சிபி, குளியலறைக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற ஆர்சிசிபி. எர்த் குழிகள் கொல்லையில். இதெல்லாம் எந்த எலக்ட்ரீஷியனும் செய்வார்.

அவருக்குச் செய்யத் தெரியாதது, சுவரைத் தொடாமல் செய்வது. கன்சீல்டு ஒயரிங் என்றதும் கட்டர் மெஷினை எடுத்துச் சுவரைக் கீறிவிடுவார். உங்கள் சுவரின் பூச்சு பல அடுக்கு. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கடைசி அடுக்கைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. இன்றும் அந்தப் பூச்சு செய்யும் கொத்தனார்கள் சிலர் இருக்கிறார்கள், புதுச் சுவரே கட்டிப் பூசித் தருவார்கள். ஆனால் பழைய சுவரின் நடுவே இரண்டு அங்குலக் கீறலை இணைப்புத் தெரியாமல் மூட அவர்களாலும் முடியாது. பெரும்பாலும் அவர்களைக் கூப்பிடுவதும் இல்லை. சிமென்டை அப்பி மூடிவிடுவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு விட்டுவிடும். சிமென்ட் விடாது. அடியில் தங்கிய ஈரம் உப்பைக் கிளப்பிக்கொண்டு சிமென்டின் இரண்டு ஓரத்திலும் வெளியே வரும். ஓரிரு மழைக்காலத்தில் கம்பி போன பாதை முழுக்கச் சுவர் பொரிந்து உதிரும்.

வேறு வழி இருக்கிறது. பழைய கேசிங் போலவே தேக்கில் புதுக் கேசிங் இழைத்து, உள்ளே எளிதில் தீப்பிடிக்காத உறை போட்ட கம்பியை இழுங்கள். ஆசாரிக்கு இது பெரிய வேலையே இல்லை. வளவின் உத்திரக் கட்டைக்கு மேல்விளிம்பில் ஒரு கேபிள் ஓடினால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் இடம் இருக்கும். அறைக்குள் கம்பி நுழைய, கதவுக்கு மேலிருக்கும் வென்டிலேட்டரே போதும். பழைய பித்தளை சுவிட்சுகளை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அவற்றைக் குறைந்த வோல்ட் ரிலேவுக்கு மட்டும் இணைத்து, உண்மையான மின்சாரத்தை ரிலே வழியே திறந்து மூடச் செய்யலாம். விருந்தினர் அந்தப் பழைய "டக்" சத்தத்தை விரும்புகிறார்கள். எனக்கும் பிடிக்கும்.

சுடுதண்ணீருக்கு அறைக்கு அறை கீசர் வைப்பதைவிட, கொல்லையில் ஒரே இடத்தில் ஹீட் பம்ப்போ சூரிய ஹீட்டரோ வைப்பது நல்லது. ஹீட் பம்ப் கீசர் இழுக்கிற மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அதே வேலையைச் செய்யும். ஆனால் உங்கள் வீடு நீளம். கொல்லையிலிருந்து முகப்புப் பக்கத்து அறைக்கு 45 மீட்டர் என்று வையுங்கள். ஓர் அங்குலக் குழாயில் அந்த நீளத்துக்கு இருபது லிட்டருக்கு மேல் ஆறின தண்ணீர் நிற்கும். விருந்தினர் காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்து ஒரு வாளிக்கு மேல் பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் விட்ட பிறகுதான் சூடு வரும். அதற்குள் அவர் ரிசப்ஷனுக்கு போன் போட்டிருப்பார். சூடு தங்கும் உறை போட்ட குழாயும், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு திரும்பு குழாயும் சின்ன பம்ப்பும் வேண்டும். படம் போடுகிற அன்றே இதற்கு இடம் விட வேண்டும். பிற்பாடு நுழைக்க முடியாது.

ஏசி விஷயத்தில் நான் கொஞ்சம் பழமைவாதி. முதலில் அடைத்து வைத்திருக்கிற வென்டிலேட்டர்களைத் திறங்கள். அவற்றில் பாதியைப் பறவைக்குப் பயந்து அட்டையால் மூடியிருப்பீர்கள், வலை போட்டால் போதும். முற்றத்துக்கு மேல் போட்ட பாலிகார்பனேட் ஷீட்டைக் கழற்றுங்கள். சூடான காற்று மேலேறிப் போவதற்கான புகைபோக்கி அந்த முற்றம். அதை மூடிவிட்டு உள்ளே புழுங்குகிறது என்று பட்டாலைக்கும் ஏசி கேட்கிறார்கள். படுக்கையறைக்கு ஏசி இல்லாமல் இன்று ஹோட்டல் நடக்காது, தெரியும். படுக்கையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொய்க்கூரை போட்டு உயரத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம் என்பார்கள். கொஞ்சம் மிச்சம்தான். அதற்கு விலை, ஓவியம் தீட்டிய மேல்தளமும் அதனடியில் மறைந்துபோகிற கசிவும். மேலே தண்ணீர் ஒழுகினால் பொய்க்கூரை நனைந்து தொங்குகிற வரை உங்களுக்குத் தெரியாது.

ஏசியின் வெளி யூனிட் சுவரைக் கெடுப்பதைவிட அதன் சொட்டுத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் வரை சொட்டும். வேலைக்காரர் அரை அடி பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குக் கீழே முதலில் ஒரு பச்சைக் கோடு விழும். அடுத்த வருஷம் கோடு இருந்த இடத்தில் பூச்சு உப்பும், தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். பிறகு ஒருநாள் கையளவு துண்டு விழுந்து செங்கல் தெரியும். எந்தத் தெருவிலும் மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் இந்த மூன்று கட்டத்தையும் காணலாம். சொட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் தரை வரை இறக்கி ஒரு தொட்டியில் சேருங்கள். செடிக்கு ஊற்றலாம்.

இனி தீ. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சேப்பாக்கம் கலச மஹால் 2012 பொங்கல் சமயத்தில் எரிந்தது, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். பழைய மரம் ஒருதரம் பற்றினால் என்னாகும் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தீயை நினைத்துப் பார்த்தால் உங்கள் வீடு முட்டாள்தனமாகக் கட்டியதல்ல. அடுப்படி கடைசிக் கட்டில், முற்றம் தாண்டி இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வரிசையையும் அங்கேயே வெளியில் வையுங்கள், "லைவ் கிச்சன்" என்று வளவுக்குக் கொண்டுவராதீர்கள். திறந்த முற்றத்தில் புகை மேலே போய்விடும், பாலிகார்பனேட்டைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். முகப்பும் கொல்லையும் இரண்டு தெருவில் திறப்பதால் தப்பிக்க இரண்டு வழி இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் முதல் வேலையாகக் கொல்லைக் கதவைப் பூட்டி அதன் முன்னால் ஃப்ரீசரை வைப்பார்கள். அதற்கு மட்டும் விடாதீர்கள்.

மாடிதான் பிரச்சினை. பல வீடுகளில் ஒரே ஒரு மரப்படி, ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் ஒதுங்க வேண்டும். மாடியில் ஆள் தங்கப்போகிறார் என்றால் பின்பக்கம் தனி இரும்புப் படி வேண்டும், தீயணைப்புத் துறையின் சான்றுக்கும் அது உதவும். அது முடியாதென்றால் மாடியைச் சாப்பாட்டுக்கும் புத்தக அறைக்கும் வைத்துக்கொண்டு, இரவில் மூடிவிடுங்கள். படுக்கையறைக் கதவில் வெளித்தாழ்ப்பாளும் பெரிய நாதாங்கியும் அப்படியே இருக்கட்டும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற பூட்டு மட்டும் கட்டாயம். புகை உணரும் கருவிகளைக் கம்பியில்லாத வகையில் வாங்கினால் மேல்தளத்தைத் துளைத்துக் கம்பி இழுக்கத் தேவையில்லை. சாமி அறைக்கும் அடுப்படிக்கும் மட்டும் புகைக்குப் பதில் சூட்டை உணரும் கருவி. இல்லையென்றால் சாம்பிராணி போடுகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணி அடிக்கும். பத்தாவது தடவை யாராவது அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

வேலை நடக்கிற மாதங்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான மாதங்கள். கிளாஸ்கோ கலைப் பள்ளி 2014இல் எரிந்தபோது நீர்த்தூவி அமைப்பைப் பொருத்தும் வேலை முடியும் நிலையில் இருந்தது. சீரமைப்பு நடந்துகொண்டிருந்த 2018இல் மறுபடியும் எரிந்தது. உங்கள் வீட்டிலும் தேக்குத் தூள் குவிந்திருக்கும், பக்கத்தில் வெல்டிங் நடக்கும், பெயின்ட் தின்னர் டப்பா திறந்திருக்கும், தற்காலிக இணைப்பு ஒன்று ஜன்னல் வழியே வந்து தரையில் கிடக்கும். ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள்: வெல்டிங் வேலையெல்லாம் கொல்லையில்தான், பெயின்ட் உரிக்க நெருப்பு ஊதக்கூடாது, மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தீயணைப்பு ஏற்பாடுகளைக் கடைசி வேலையாக வைக்காமல் முதல் வேலையாக வையுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று. பெரும்பாலும் நீங்கள் வீட்டை நடத்தப்போவதில்லை, குத்தகைக்குத்தான் விடுவீர்கள். குத்தகைதாரர் தன் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார், அதில் தப்பில்லை. குத்தகை முடிந்ததும் வீடு உங்களிடம் வரும். அப்போது சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வக்கீல்கள் வாடகை, முன்பணம், திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் பங்காளிகளுக்கு விடவேண்டிய நாட்கள் எல்லாம் எழுதுவார்கள். இதையும் எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சுவரையும் கீறுமுன் எழுத்தில் சம்மதம் வேண்டும், புதிதாகப் பொருத்துவதெல்லாம் பழையதைச் சேதப்படுத்தாமல் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் குழாய், கம்பி போன வழிகளின் உண்மையான படமும், மூடுமுன் எடுத்த புகைப்படங்களும் பங்காளிகள் கையில் வர வேண்டும், கழற்றும் செலவு யாருடையது என்பது இப்போதே முடிவாக வேண்டும். படைப்பு நாளில் நூறு பேர் வந்து சாப்பிட்டுக் கை கழுவுவார்கள் என்பதையும் சுத்திகரிப்பு நிலையம் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். விருந்தினர் கணக்கை மட்டும் வைத்து அவர் அளவெடுத்தால் அன்றைக்கே பொங்கி வழியும்.

அடுத்தமுறை ஊருக்கு வரும்போது யாராவது இருவர் டேப் பிடித்து, உங்கள் கிணற்றிலிருந்தும் இரண்டு பக்கத்து வீட்டுக் கிணறுகளிலிருந்தும் கொல்லையின் கடைசி மூலை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதி வையுங்கள். முற்றத்து வாய்க்கால் தெருவில் எந்த இடத்தில் வெளியே வருகிறது என்பதையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறிப்பும் கையில் இருந்தால் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பக்கத்து இன்ஜினீயர்